போனில் ஏற்றிய பணம் மெட்ரோ கேட்டில் ஏன் தெரியவில்லை? கார்டா, காகித டிக்கெட்டா?

குடமுருட்டி:

வணக்கம். கும்பகோணம், பாபநாசம் சுற்று வட்டாரத்திலிருந்து ஆஸ்பத்திரி, பிள்ளைகள் படிப்பு என்று மாதம் இரண்டு மூன்று தடவை சென்னை போய்வருகிற குடும்பங்கள் நிறைய. எழும்பூரில் இறங்கினால் அடுத்தது மெட்ரோதான். ஒவ்வொரு தடவையும் காகித டிக்கெட் எடுப்பதா, கார்டு வாங்கி வைத்துக்கொள்வதா என்பதுதான் கேள்வி. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முதல் சந்தேகம் பணத்தைப் பற்றியது. வங்கி கொடுத்த ப்ரீபெய்டு கார்டில் என்சிஎம்சி (தேசியப் பொதுப் பயணக் கார்டு) சின்னம் இருக்கிறது. ஊரில் இருந்தபடியே போன் வழியாக 500 ரூபாய் ஏற்றியாயிற்று, எஸ்எம்எஸ்ஸும் வந்துவிட்டது. கேட்டில் வைத்தால் பழைய 40 ரூபாயைத்தான் காட்டுகிறது. அந்த 500 எங்கே நிற்கிறது?

அடுத்து, நாலு பேர் போனால் ஒரே கார்டை மாற்றி மாற்றி வைத்து உள்ளே போக முடியுமா? போனில் எடுக்கும் கியூஆர் டிக்கெட்டுக்கும் அதே தள்ளுபடி என்கிறார்கள், பிறகு கார்டு எதற்கு? கடைசியாக, மயிலாடுதுறை - தஞ்சாவூர் பாசஞ்சர் வண்டிகளுக்கு இந்த மாதிரி கார்டு வருவதற்கு வழி உண்டா?

அரசலாறு:

முதல் கேள்விக்கு விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கார்டு விஷயத்தில் வரும் குழப்பத்தில் முக்கால்வாசி இதில்தான் அடங்கியிருக்கிறது.

அந்தக் கார்டில் இரண்டு பணப்பைகள் உண்டு. ஒன்று வங்கியின் கம்ப்யூட்டரில் உங்கள் பெயரில் இருக்கும் கணக்கு. இன்னொன்று கார்டில் பதித்த சிப்புக்குள் எழுதியிருக்கும் தொகை. போனில் ஏற்றிய 500 முதல் பையில் விழுந்துவிட்டது, பத்திரமாகவும் இருக்கிறது. ஆனால் மெட்ரோ கேட் வங்கியைக் கேட்பதே இல்லை. சிப்பில் என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டும்தான் படிக்கும். பத்தாயத்தில் நெல் கிடந்தாலும், மடியில் முடிந்திருக்கும் காசுதானே சந்தையில் செல்லும்.

ஏன் இப்படி வைத்திருக்கிறார்கள் என்று கேட்கலாம். கார்டைக் காட்டிய அரை நொடிக்குள் கேட் திறக்க வேண்டும். காலை ஒன்பது மணிக் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் வங்கி சர்வரைக் கேட்டு மூன்று நொடி காத்திருந்தால் வரிசை படிக்கட்டு வரைக்கும் போய்விடும். சுரங்க ஸ்டேஷனில் நெட்வொர்க் போனால் கதை முடிந்தது. அதனால்தான் பணத்தைக் கார்டிலேயே எழுதி வைத்து, வெளியே யாரையும் கேட்காமல் கழித்துக்கொள்கிறார்கள். ஹாங்காங்கில் 1997 செப்டம்பரில் வந்த ஆக்டோபஸ் கார்டும், டோக்கியோவில் 2001 நவம்பரில் வந்த சுயிக்காவும் இதே அடிப்படையில் வந்தவைதான். நம் நாட்டில் 2019 மார்ச்சில் என்சிஎம்சி வந்தது.

இப்போது செய்ய வேண்டியது. கணக்கில் இருக்கும் பணத்தைச் சிப்பில் எழுத வைக்க வேண்டும். மெட்ரோ ஸ்டேஷனில் வாடிக்கையாளர் சேவைக் கவுண்டரிலோ, பேலன்ஸ் அப்டேட் செய்யும் மெஷினிலோ கார்டைக் கொடுத்து “ஆன்லைனில் ஏற்றியிருக்கிறேன், அப்டேட் செய்யுங்கள்” என்று கேளுங்கள். மெஷினில் நீங்களே செய்வதானால் கார்டைத் தட்டின் மேல் படுக்க வைத்துவிட்டு, புதிய பேலன்ஸ் திரையில் வரும்வரை தொடாதீர்கள். இங்கே அவசரப்பட்டு எடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பாதியில் எடுத்தால் எழுத்து முழுமையடையாது. சிப் பழைய தொகைக்கே திரும்பிவிடும். பணம் எங்கும் போகாது, மறுபடி வைத்தால் ஏறும். சில வங்கி ஆப்களில் என்எஃப்சி (கார்டை ஒட்டிப் பிடித்தால் படிக்கும் வசதி) உள்ள போனின் முதுகில் கார்டை ஒட்டிப் பிடித்தே சிப்பில் எழுதிக்கொள்ளலாம். அந்த வசதி உங்கள் ஆப்பில் இருந்தால் கும்பகோணத்தில் வண்டி ஏறும்முன்பே வேலை முடிந்துவிடும்.

ஸ்டேஷன் கவுண்டரில் ரொக்கம் கொடுத்து ஏற்றினால் இந்தப் பிரச்சினையே கிடையாது. நேராகச் சிப்பில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். போனில் பழக்கம் இல்லாத பெரியவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். சிப்பில் இருப்பது ரொக்கத்துக்குச் சமம். பின் நம்பர் கேட்காது. கார்டு தொலைந்தால் வங்கிக்குச் சொல்லிக் கணக்கைப் பூட்டலாம், சிப்பில் இருக்கும் தொகையைப் பூட்ட முடியாது. எடுத்தவர் பயணம் செய்துகொள்ளலாம். சிப்பில் 2,000 ரூபாய் வரை வைக்க இடமுண்டு என்பதற்காக 2,000 வைக்காதீர்கள். சென்னை மெட்ரோவில் அதிகபட்சக் கட்டணம் 50 ரூபாய். போக வர, நடுவில் ஒரு பயணம் என்று கணக்கிட்டால் 200 போதும். மிச்சம் கணக்கிலேயே இருக்கட்டும்.

வெண்ணாறு:

அரசலாறு சொன்னதோடு சேர்த்து, குடும்பத்தோடு போவது பற்றி.

நாலு பேருக்கு ஒரு கார்டு நடக்காது. உள்ளே நுழையும்போது எந்த ஸ்டேஷன், என்ன நேரம், ஆள் உள்ளே இருக்கிறார் என்று சிப்பில் ஒரு குறிப்பு விழுகிறது. வெளியேறும்போது அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் தூரத்தைக் கணக்கிட்டுக் கட்டணம் கழிக்கும். முதல் ஆள் உள்ளே போனதும் அதே கார்டை அடுத்தவர் வைத்தால், இந்தக் கார்டுக்காரர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார் என்று கேட் மறுத்துவிடும். ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். 90 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு டிக்கெட் தேவையில்லை; தூக்கிக்கொண்டோ முன்னால் விட்டோ கூட்டிப் போகலாம். பின்னால் வரவிடாதீர்கள், கேட்டின் மடல் மூடும்போது இடிக்கும்.

வருஷத்துக்கு இரண்டு தடவை போகிற நாலு பேர் குடும்பத்துக்கு நாலு கார்டு வாங்கி நாலிலும் பணத்தை முடக்குவது வீண். ஒரே போனில் எல்லாருக்கும் சேர்த்துக் கியூஆர் எடுத்துக்கொள்வதே நல்லது. சென்னையில் வாட்ஸ்அப் வழியாக டிக்கெட் எடுக்கும் வசதி 2023 மே மாதத்திலிருந்தே இருக்கிறது. தள்ளுபடியும் கார்டு, போன் கியூஆர் இரண்டுக்கும் 20 சதவீதம்தான். 40 ரூபாய்த் தூரம் 32 ரூபாய். ஆகவே தள்ளுபடிக்காகக் கார்டு வாங்க வேண்டியதில்லை. குடமுருட்டி கேட்டது சரியான கேள்வி.

காகிதத்தை அடியோடு ஒதுக்கிவிடவும் வேண்டாம். போன் சார்ஜ் இறங்கிப் போனாலும் காகிதம் வேலை செய்யும். ஆனால் அதைக் கையாளும் விதம் ஒன்று இருக்கிறது. அது வெப்பத்தில் எழுத்து வரும் தாள், மை கிடையாது. எண்ணெய்க் கை பட்டால் மங்கும். வேர்வையில் நனைந்த சட்டைப் பையில் வைத்தால் மங்கும். பிளாஸ்டிக் உறையில் நாள் கணக்கில் இருந்தாலும் வெளுத்துவிடும். கியூஆர் சதுரத்தில் கொஞ்சம் அழிந்தாலும் படிக்கும். அந்த அளவுக்கு மிகைத் தகவல் உள்ளேயே சேர்த்திருக்கிறார்கள். ஆனால் மூன்று மூலைகளிலும் இருக்கிற பெட்டிகளைப் பாருங்கள், கறுப்புச் சதுரத்தைச் சுற்றி வெள்ளைக் கட்டம், அதைச் சுற்றி மறுபடி கறுப்பு. அதை வைத்துத்தான் கேமரா இது கியூஆர் என்றே கண்டுபிடிக்கிறது. அதில் ஒன்றின் நடுவே மடிப்பு விழுந்து கோடு வெளுத்தால் மிச்சமெல்லாம் பளிச்சென்று இருந்தாலும் படிக்காமல் போகலாம். மடிப்பதானால் கியூஆருக்கு வெளியே, எழுத்து இருக்கும் பகுதியில் மடியுங்கள். வெளியே வரும்போதும் அதே டிக்கெட் வேண்டும் என்பதால் வண்டியிலேயே எறிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன் கியூஆரில் வருகிற தகராறு பெரும்பாலும் வெளிச்சம்தான். திரையின் பிரகாசத்தை முழுசாக ஏற்றிவிட்டு, கண்ணாடியில் ஒட்ட வைக்காமல் நாலு விரற்கடை உயரத்தில் பிடியுங்கள். கேமராவுக்கு முழுச் சதுரமும் தெரிய வேண்டும்.

வெட்டாறு:

தள்ளுபடி ஒன்றுதான் என்றால் கார்டு எதற்கு என்பதற்கு என் பதில்: மெட்ரோவைத் தாண்டினால்தான் கார்டின் அருமை தெரியும்.

2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்ததிலிருந்து நம் பக்கத்துப் பஸ்கள் அங்கேதான் நிற்கின்றன. அங்கே மெட்ரோ கிடையாது. எம்டிசி (சென்னை மாநகர) பஸ் பிடித்து விமான நிலைய மெட்ரோவுக்கோ தாம்பரத்துக்கோ வரலாம். 2023 ஏப்ரலில் வந்த சிங்கார சென்னை கார்டை (சென்னை மெட்ரோவின் என்சிஎம்சி கார்டு) 2025 ஜனவரி முதல் எம்டிசி பஸ்ஸிலும் எடுத்துக்கொள்கிறார்கள். கண்டக்டர் கையில் இருக்கும் மெஷினில் வைத்தால் போதும், சில்லறைத் தொல்லை இல்லை. பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் இலவசம் என்பதால் அங்கே கார்டு தேவைப்படாது.

பெங்களூரு போகிறவர்களும் கவனியுங்கள். மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகப் போகிற மைசூரு எக்ஸ்பிரஸில் பெங்களூரு சிட்டி ஸ்டேஷனில் இறங்கினால் மெட்ரோ எதிரிலேயே இருக்கிறது. என்சிஎம்சி கார்டு அங்கேயும் செல்லும். ஆனால் 2025 பிப்ரவரி கட்டண மாற்றத்தில் அங்கே அதிகபட்சம் 90 ரூபாய் ஆனது, கார்டில் குறைந்தது 90 இருக்க வேண்டும் என்றும் வைத்தார்கள். சென்னைப் பழக்கத்தில் 60 ரூபாயோடு போனால் உள்ளே நுழையவே விடாது.

பழைய சிஎம்ஆர்எல் (சென்னை மெட்ரோ நிறுவனம்) டிராவல் கார்டு வைத்திருப்பவர்கள்: 2025 ஆகஸ்ட் 1 முதல் அதற்கு ரீசார்ஜ் கிடையாது. கவுண்டரில் கொடுத்துப் புதிய கார்டுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

குடமுருட்டி:

எல்லாருக்கும் நன்றி. பத்தாயம் - மடி விளக்கத்தில் முதல் சந்தேகம் முழுசாகத் தீர்ந்தது. இன்னொன்று: கார்டை வைத்ததும் சில சமயம் சிவப்பு விளக்கு எரிகிறது, இரண்டாவது தடவை வைத்தால் திறக்கிறது. கார்டு கெட்டுவிட்டதா? நம்மூர் பாசஞ்சர் கேள்விக்கும் யாராவது பதில் சொல்லுங்கள்.

அரசலாறு:

கெடவில்லை ஐயா. பெரும்பாலும் வைக்கிற விதம்தான் காரணம்.

கார்டுக்குள் பேட்டரி கிடையாது. விளிம்பை ஒட்டி உள்ளே மெல்லிய செம்புக் கம்பி சில சுற்றுகள் ஓடுகிறது. ரீடரிலிருந்து வரும் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலை அந்தக் கம்பியில் பட்டு மின்சாரமாகி, அந்த மின்சாரத்தில்தான் சிப் விழிக்கிறது. விழித்த பிறகு கேட்டும் கார்டும் ஒன்றையொன்று உண்மையானதுதானா என்று ரகசியச் சாவிகளால் சரிபார்க்க வேண்டும், பேலன்ஸைப் படிக்க வேண்டும், புதுக் குறிப்பை எழுத வேண்டும். இத்தனையும் முடியும்வரை கார்டு அங்கேயே இருக்க வேண்டும். விசிறுகிற மாதிரி காட்டிவிட்டு எடுத்தால் நடுவில் மின்சாரம் அறுந்து சிவப்பு எரியும். வட்டக் குறியின் மேல் தட்டையாக வைத்து, ஒலி கேட்ட பிறகு எடுங்கள்.

அடுத்த காரணம் பர்ஸ். பர்ஸோடு வைத்தால் உள்ளே இருக்கும் எல்லாக் கார்டுகளும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும். ரீடர் மறுத்துவிட்டால்கூடப் பரவாயில்லை. இரண்டு என்சிஎம்சி கார்டு இருந்து, நுழையும்போது ஒன்றும் வெளியேறும்போது மற்றொன்றும் படித்துவிட்டால்தான் வம்பு. முதல் கார்டில் ஆள் இன்னும் உள்ளே இருப்பதாகக் குறிப்பு நிற்கும். இரண்டாவதில் நுழைந்த குறிப்பே இருக்காது. இரண்டையும் கவுண்டரில் கொடுத்துச் சரிசெய்த பிறகுதான் மறுபடி பயன்படுத்த முடியும். கார்டைத் தனியாக எடுத்து வையுங்கள். சிகரெட் பெட்டித் தகடு மாதிரி வெள்ளிக் காகிதம் ஒட்டிய உறை, உலோகத் தகடு வைத்த போன் கவர் இவை அலையை மறைக்கும்.

முன்னால் போனவரின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போவதும் தவறு. அவருக்குத் திறந்த மடலில் நீங்கள் நுழைந்துவிட்டால் உங்கள் கார்டில் நுழைவுக் குறிப்பு விழாது, இறங்கும் இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

திருமலைராசன்:

பாசஞ்சர் கேள்விக்கு வருகிறேன். நம் பக்கத்துக்கு இது அவசியமாகப் பேச வேண்டிய விஷயம்.

மெட்ரோவில் எல்லா வழியிலும் கேட் உண்டு. நுழைவும் வெளியேற்றமும் கட்டாயம் பதிவாகும். நம் பாதையில் ஆடுதுறையையோ சுவாமிமலையையோ எடுத்துக்கொள்ளுங்கள். பிளாட்பாரத்துக்கு ரோட்டிலிருந்தும் வரலாம், வயல் வரப்பிலிருந்தும் வரலாம். அங்கே மடல் கேட் வைத்துப் பயனில்லை. சென்னை புறநகர் ரயிலிலேயே கேட் இல்லை. அங்கே இருக்கிற ஸ்மார்ட் கார்டு ஏடிவிஎம் என்கிற தானியங்கி டிக்கெட் மெஷினில் காகித டிக்கெட் வாங்குவதற்கான பணப்பை மட்டும்தான். தாம்பரத்தில் இறங்குகிறவர்கள் மெட்ரோ கார்டை மின்சார ரயிலுக்கு நம்பாதீர்கள். டிக்கெட் தனியாக எடுத்துப் பரங்கிமலை வந்தால் அங்கே மெட்ரோவுக்கு மாறலாம்.

ஆனால் கேட் இல்லாவிட்டால் கார்டே முடியாது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜப்பானில் சின்ன ஊர் ஸ்டேஷன்களில் கேட்டுக்குப் பதில் இரண்டு கம்பம் நட்டிருக்கிறார்கள், ஒன்று ஏறும்போது தொட, ஒன்று இறங்கும்போது தொட. நெதர்லாந்திலும் அப்படிக் கம்பங்கள் உண்டு. தொடாமல் ஏறுகிறவரைப் பிடிக்க, கையில் ரீடரோடு வண்டிக்குள் பரிசோதகர் வர வேண்டும். இதில் மெஷின் செலவைவிட ஆள் செலவுதான் பெரியது. அதோடு ஒருவர் இறங்கும்போது தொட மறந்தால் எந்தக் கட்டணம் கழிப்பது என்பதற்கு விதி வேண்டும். அதிகபட்சக் கட்டணத்தைக் கழிப்பதுதான் வழக்கம். மயிலாடுதுறையில் ஏறிக் குத்தாலத்தில் இறங்கிய கூலிக்காரரிடம் பாதைக் கோடி வரைக்குமான கட்டணத்தைக் கழித்தால் அது அநியாயம். அந்த விதியைச் சரியாக வகுக்காமல் நம் பக்கம் கார்டு கொண்டுவரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இப்போதைக்கு நமக்குப் பொருந்துவது போன் டிக்கெட். யூடிஎஸ் என்கிற முன்பதிவில்லா டிக்கெட் ஆப் சென்னை புறநகரில் 2015லேயே வந்துவிட்டது. 2025 ஜூலையில் ரயில்ஒன் ஆப்பும் வந்தது. முக்கியமான ஒரு விதி: காகிதமில்லா டிக்கெட்டை ஸ்டேஷனுக்கு உள்ளேயோ தண்டவாளத்தின் அருகிலேயோ நின்று எடுக்க முடியாது. பரிசோதகரைப் பார்த்த பிறகு எடுப்பதைத் தடுக்கத்தான் ஜிபிஎஸ் வைத்து மறுக்கிறார்கள். வீட்டிலோ தெருவிலோ எடுத்துவிட்டு வாருங்கள். உள்ளே வந்துவிட்டால் ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆரை ஸ்கேன் செய்து எடுக்கலாம். எடுத்த டிக்கெட் அந்தப் போனிலேயே, ஆப்பில் ‘டிக்கெட்டைக் காட்டு’ பகுதியில் இருக்க வேண்டும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. 199 கிலோமீட்டர் வரையிலான முன்பதிவில்லா டிக்கெட்டுக்கு மூன்று மணி நேரக் கணக்கு உண்டு, காலையிலேயே எடுத்துவிட்டு மாலை வண்டி ஏறாதீர்கள்.

2028இல் மகாமகம் வருகிறது. கும்பகோணம் கவுண்டரில் அன்றைக்கு நிற்கப்போகிற வரிசையை நினைத்தால், இந்தப் போன் டிக்கெட் விதிகளை இப்போதே வீட்டுக்கு வீடு பழக்கிவிடுவது நல்லது. அதே சமயம் காகிதக் கவுண்டர்களைக் குறைக்கக் கூடாது. வெளியூரிலிருந்து வரும் வயதானவர்களுக்குக் காகிதம்தான் கதி.

குடமுருட்டி:

மிகவும் உபயோகமான விளக்கம். கடைசியாக ஒன்று. கல்லூரிப் பையன்கள் சிலர் கழுத்துக் கயிற்றில் மாட்டுவதற்காகக் கார்டில் பஞ்ச் மெஷினால் ஓட்டை போட்டிருக்கிறார்கள். அதிலிருந்து எந்தக் கேட்டிலும் வேலை செய்யவில்லை. பணம் போனதா?

அரசலாறு:

ஓட்டை போட்ட இடத்தில் செம்புக் கம்பி அறுந்திருக்கும். விளிம்பை ஒட்டித்தான் அது ஓடுகிறது, கயிறு மாட்ட ஓட்டை போடுவதும் அதே இடத்தில். ஒரு சுற்று அறுந்தாலும் சிப்புக்கு மின்சாரம் கிடைக்காது, ஒட்ட வைக்கவும் முடியாது. கார்டைப் பின் பாக்கெட்டில் வைத்து உட்கார்ந்து வளைத்தாலும், அடையாள அட்டை மாதிரி சூட்டில் லேமினேட் செய்தாலும் இதே கதி வரலாம்.

ஆனால் சிப் பிழைத்திருக்கும். முன்பக்கம் தங்க நிறத்தில் தெரிகிற தகடு தனி வழி. செருகிப் படிக்கும் மெஷின் அதன் மூலம் சிப்போடு பேசும். கேட்டில் செருகும் துளை இல்லாததால் அங்கே மட்டும் பயனில்லை. அதனால் கார்டைக் குப்பையில் போடாமல், வெட்டாமல், வழங்கிய வங்கிக்கே கொண்டுபோய் மாற்றுக் கார்டுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். கணக்கில் இருக்கும் பணம் புதிய கார்டோடு சேர்ந்துவிடும். சிப்பில் கடைசியாக எவ்வளவு இருந்தது என்பதற்குக் கடைசி ரீசார்ஜ் எஸ்எம்எஸ்ஸையும் கடைசிப் பயணத் தேதியையும் சேர்த்துக் கொடுக்கட்டும். புதிய கார்டு வந்ததும் ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையில் இருக்கும் துளையில் கயிற்றைக் கோர்த்துக்கொள்ளலாம். அந்த உறையோடு வைத்தாலே கேட் படிக்கும்.